அறுந்த செயினைப் பூட்டி ஓடுவதா, புதிது போடுவதா?

"அண்ணை, செயின் அறுந்து போச்சு. பழசையே பூட்டி ஓடலாமோ, புதுசு போடவோ?"

வன்னியில், ஒட்டுசுட்டான் பக்கத்தில் வளர்ந்தவன் நான். சித்தப்பா சந்தியில் சைக்கிள் திருத்தும் கடை வைத்திருந்தார். பள்ளிக்கூடம் விட்டதும் நேரே அங்கேதான் போவேன். ஒட்டுப் போடுவதில் தொடங்கி சில்லு வளைவு எடுப்பது வரைக்கும் அவரிடம் பழகியதுதான். அதனால் இப்போதும் ஊரில் யாருடைய செயின் அறுந்தாலும் இந்தக் கேள்வி என்னைத் தேடி வருகிறது. கேட்பவர்களில் சிலர் ஏற்கெனவே ஒருமுறை பூட்டி, அது மறுபடி அறுந்து, சலித்துப்போய் வருகிறவர்கள். வேறு சிலர், "எல்லாத்தையும் மாத்தவேணும்" என்று கடையில் சொன்ன தொகையைக் கேட்டுத் திகைத்து நிற்பவர்கள்.

இரண்டு பேருக்கும் ஒரே பதிலைச் சொல்ல முடியாது. அறுந்தது ஒரு கண்ணிதான். என்ன செய்யலாம் என்பதைச் சொல்லவேண்டியவை, அறுபடாமல் மிஞ்சியிருக்கிற நூற்றுச் சொச்சம் கண்ணிகள்.

இங்கே இந்தக் கேள்விக்குக் கனம் கூட. நகரத்தில் செயின் அறுந்தால் தள்ளிக்கொண்டு அடுத்த தெருவுக்குப் போனால் கடை இருக்கும். முத்தையன்கட்டு வாய்க்கால் கட்டிலோ, வவுனிக்குளத்துப் பக்க வயல் வீதியிலோ அறுந்தால், கடைக்கும் நமக்கும் இடையில் மைல் கணக்கில் கிரவல் வீதி கிடக்கும். கரியரில் யூரியா மூட்டை இருக்கும். அல்லது ரியூசன் முடிந்து பொழுதுபட வருகிற பிள்ளை தனியாக நிற்கும்.

நான் சொல்லப்போவது கியர் இல்லாத சாதாரண சைக்கிளுக்கு. லுமாலா, ஹீரோ, வீட்டுக் கொட்டிலில் இன்னும் நிற்கிற பழைய ராலி, மீள்குடியேற்றக் காலத்தில் நிறுவனங்கள் கொடுத்த சைக்கிள்கள் எல்லாம் இதற்குள் வரும். கியர் சைக்கிளைப் பற்றிப் பின்னால் தனியாகச் சொல்கிறேன்.

## முடிவெடுக்கமுன் பார்க்கவேண்டியவை

### எப்படி அறுந்தது?

செயினில் இரண்டு வகைக் கண்ணிகள் மாறி மாறி வரும். உருளைகள் உள்ளது உள்கண்ணி. அதை இருபக்கமும் தகடு வைத்துப் பிடிப்பது வெளிக்கண்ணி. பின் என்பது வெளித் தகடுகள் இரண்டையும் இறுக்கிப் பிடித்திருக்கும் சின்னக் கம்பி.

அறுந்த முனையைத் துணியால் துடைத்துவிட்டு வெளிச்சத்தில் பாருங்கள். வெளித் தகடு உடையாமல் பின்னைவிட்டுக் கழன்று மட்டும் வந்திருந்தால், அது பெரும்பாலும் அந்த ஒரு மூட்டின் குறை. முன்பு யாரோ பூட்டிய இடமாகவே அது இருக்கும். தகடு துளைக்குப் பக்கத்தில் வெடித்திருந்தால் கதை வேறு. ஒரே இரும்பு, ஒரே வயது, ஒரே சுமை என்பதால் அடுத்த தகடுகளும் வெடிக்கத் தொடங்கியிருக்கலாம். செயின் முழுவதையும் விரலால் மடக்கி மடக்கிப் பார்த்துவிட்டுத்தான் பேசவேண்டும். உருளை நொறுங்கிக் காணாமற்போன கண்ணிகள் இரண்டு மூன்று இருந்தால், அந்தச் செயினுக்காக நேரம் செலவழிக்க வேண்டாம்.

### மீதிச் செயின் எவ்வளவு நீண்டிருக்கிறது?

எனக்கு இதுதான் முதன்மையான அளவுகோல். இதற்கு வேண்டியது பிள்ளையின் பள்ளிக்கூடப் பையில் இருக்கிற 12 அங்குல அடிமட்டம் மட்டும்.

ஒரு பின்னின் நடுவிலிருந்து அடுத்த பின்னின் நடுவுக்கு அரை அங்குலம், அதாவது 12.7 மில்லிமீற்றர். ஆகவே புதுச் செயினில் 24 கண்ணிகள் சரியாக 12 அங்குலம் வரும். அறுந்த செயினை ஓர் ஆணியில் தொங்கவிட்டு, ஒரு பின்னின் நடுவில் அடிமட்டத்தின் பூச்சியத்தை வைத்து, 24ஆவது பின் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். 12 அங்குலக் கோட்டிலோ அதைத் தொட்டுக்கொண்டோ நின்றால் செயின் நல்லது. கோட்டைத் தாண்டி 1/16 அங்குலம், ஏறக்குறைய ஒன்றரை மில்லிமீற்றர், போயிருந்தால் அரைவாழ்வு கடந்துவிட்டது. 1/8 அங்குலம், அதாவது 3 மில்லிமீற்றர், போயிருந்தால் அதைப் பூட்டுவது வீடு போய்ச் சேருவதற்கு மட்டும்தான்.

இரும்பு இழுபட்டு நீளுவதில்லை. பின்னும் அது சுழலும் துளையும் தேயத் தேய, ஒவ்வொரு மூட்டிலும் மயிரிழை இடைவெளி கூடும். நூறு மூட்டின் மயிரிழைகள் சேர்ந்தால் அரை அங்குலம். கிரவல் புழுதி ஒயிலோடு கலந்தால் அரைக்கிற பசையாகிவிடுகிறது. அதனால்தான் தார் வீதியில் மட்டும் ஓடுகிற சைக்கிளைவிட நம்முடைய செயின்கள் சீக்கிரம் நீளுகின்றன.

இதில் ஒரு கணக்கைக் கவனியுங்கள். சாதாரண சைக்கிளுக்கு வருகிற செயினில் பொதுவாக 112 கண்ணிகள். மொத்தம் 56 அங்குலம். "செயின் தளர்ந்துபோச்சு, ஒரு சோடி வெட்டிவிடுங்கோ" என்று நாம் கேட்பது வழக்கம். ஓர் உள்கண்ணியும் ஒரு வெளிக்கண்ணியும் சேர்ந்த சோடி ஒரு அங்குலம். செயின் அறாமலே, வெறும் தளர்வுக்காக ஒரு சோடியை வெட்ட இடம் வந்துவிட்டதென்றால், 56 அங்குலத்தில் ஒரு அங்குலம் தேய்ந்தே போயிருக்கிறது. 12 அங்குலத்துக்கு அது 1/8 அங்குலத்தையும் தாண்டும். வெட்டித் திருத்தியதாக நாம் நினைக்கிற அந்த நாள், செயின் முடிந்துபோன நாள்.

### பற்கள்

பின் சில்லில் இருக்கும் சின்னப் பல்லுச்சக்கரமான பிறீவீலையும் முன்னால் இருக்கும் பெரிய பல்லுச்சக்கரத்தையும் பக்கவாட்டிலிருந்து பாருங்கள். நல்ல பல் இருபக்கமும் ஒரே சரிவாக இருக்கும். தேய்ந்த பல் ஒரு பக்கம் சாய்ந்து, சுறாச் செட்டை மாதிரி வளைந்து கூராகிவிடும். பிறீவீல்தான் முதலில் போகும். முன்னால் 44 பல், பின்னால் 18 பல் என்று வைத்தால், பிறீவீலின் ஒவ்வொரு பல்லும் முன்பல்லைவிட ஏறத்தாழ இரண்டரை மடங்கு தடவை செயினைச் சந்திக்கிறது.

### யார் ஓடுகிறார், எவ்வளவு சுமை, கடை எவ்வளவு தூரம்?

சந்திக் கடைக்கு மட்டும் போய்வருகிற ஐயாவுக்கும், விடிய நாலு மணிக்கு இரண்டு மூட்டை மரக்கறியோடு சந்தைக்குப் போகிறவருக்கும் ஒரே செயின் பொருந்தாது. எழுந்து நின்று மிதிக்கும்போது செயின் அறுந்தால் மிதித்த கால் வெறுமையில் இறங்கும். உடம்பு முழுக்க முன்னால் சாயும். நெஞ்சு ஹன்டிலில் அடிபடும், முழங்கால் வீதியில் உரசும். பின்னால் லொறி வருகிற ஏ9 வீதியில் இது நடக்கக்கூடாது.

கடைக்குப் போய்வரும் நேரமும் செலவுதான். கூலிக்குப் போகிறவருக்கு அரை நாள் போனால் அரை நாள் சம்பளம் போகிறது. செயினின் விலையோடு அதையும் கூட்டிப் பார்க்கவேண்டும்.

## வழி 1: பழுதான கண்ணியைக் கழற்றிவிட்டு அதே செயினைப் பூட்டுவது

காசே இல்லாத வழி, சுத்தியலும் ஆணியும் குறடும் இருந்தால். கடையில் செய்தாலும் கூலி சொற்பம்தான்.

வீதியோரத்தில் செய்வதென்றால் இப்படி. உடைந்தது வெளிக்கண்ணி என்றால் அதையும் பக்கத்து உள்கண்ணியையும் சேர்த்து ஒரு சோடியாக எடுக்கவேண்டும். அப்போதுதான் ஒரு முனையில் உள்கண்ணியும் மறு முனையில் வெளிக்கண்ணியும் நிற்கும், இரண்டும் பொருந்தும். பின்னைத் தட்டும்போது கீழே ஒரு நட்டை வையுங்கள், பின் அதன் துளைக்குள் இறங்கட்டும். பின்னைவிடச் சற்று மெல்லிய ஆணியின் கூரைக் கல்லில் தேய்த்துத் தட்டையாக்கி அதனால் தட்டுங்கள். மீண்டும் பூட்டப்போகிற பின் முழுக்க வெளியே விழக்கூடாது. அப்பால் உள்ள வெளித் தகட்டில் அது தொங்கிக்கொண்டு நிற்கவேண்டும். விழுந்துவிட்டால் வீதியோரத்தில் திரும்ப ஏற்றுவது பெரும்பாடு, ஏற்றினாலும் பிடி இராது. பூட்டிய பிறகு பின்னின் இரு முனைகளும் இரு தகட்டுக்கும் வெளியே ஒரே அளவு தெரியவேண்டும். அந்த மூட்டு மடங்காமல் விறைத்து நிற்கும். இரு பக்கமும் பிடித்துச் செயினைப் பக்கவாட்டில் மெல்ல வளைத்தால் இளகிவிடும்.

இனி மறைந்திருக்கிற செலவு. பின் முதலில் தொழிற்சாலையில் ஏற்றப்பட்டபோது அதன் முனைகள் நசுக்கி விரிக்கப்பட்டிருந்தன. தட்டி எடுக்கும்போது அந்த விரிவு தகட்டின் துளையைச் சுரண்டிக்கொண்டு போகிறது. திரும்ப ஏற்றினால் முன்பிருந்த இறுக்கம் இல்லை. அந்த மூட்டுத்தான் இனிமேல் செயினில் மிக மெலிந்த இடம். தங்கச்சி சாதாரணதரப் பரீட்சை எழுதின வருசம், ஒரு கடையில் அவசரத்தில் பூட்டிக் கொடுத்த செயின் இரண்டு கிழமையில் அதே இடத்தில் விட்டது. காலையில், பாதி வழியில். பின் முழுக்கக் கழன்று திரும்ப அடித்து ஏற்றப்பட்டிருந்தது பிறகுதான் தெரிந்தது. தகட்டுத் துளை முட்டை வடிவமாகியிருந்தது. யாரோ தெரிந்தவர் மோட்டார் சைக்கிளில் ஏற்றிப் போனதால் மண்டபத்துக்கு நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தாள்.

இன்னொரு செலவும் உண்டு. செயின் ஒரு அங்குலம் குறைந்தால் பின் சில்லு அரை அங்குலம் முன்னால் வரவேண்டும். சில்லு ஏற்கெனவே முன்னால் நின்றால் வர இடமே இராது. வந்தாலும் பிறேக் கட்டைகள் றிம்மில் படும் இடம் மாறும், மட்காட்டில் ரயர் உரசலாம். இவற்றைச் சரிபார்க்காமல் ஓடுகிறவர்கள்தான் "செயின் பூட்டின பிறகு பிறேக் பிடிக்குதில்லை" என்று வருகிறார்கள்.

இந்தத் தொழில் நம்மிடம் வேரூன்றியதற்குக் காரணம் இருக்கிறது. தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடைக்குள் வன்னி கிடந்தபோது பெற்றோல் இல்லை. நெல்மூட்டை, விறகு, ஆஸ்பத்திரிக்குப் போகிற நோயாளி, 1995 இல் வலிகாமத்திலிருந்து இடம்பெயர்ந்த சனத்தின் சட்டிபானை, எல்லாம் சைக்கிளில்தான் வந்தன. இரண்டு மூன்று பழைய செயின்களில் நல்ல கண்ணிகளைப் பொறுக்கி ஒரு செயினாகப் பூட்டுவார் சித்தப்பா. அந்தக் கைகளை நான் மதிக்கிறேன். ஆனால் அவர் அதைச் செய்தது கடையில் புதுச் செயின் கிடைக்காத காலத்தில். வெவ்வேறு அளவுக்குத் தேய்ந்த கண்ணிகளைக் கலந்தால் செயின் பல்லில் சீராக உட்காராது என்பதையும் அவரே சொல்லித் தந்தார். கடையில் செயின் தொங்குகிற இந்தக் காலத்திலும் அதையே நிரந்தரத் திருத்தமாக வைத்துக்கொள்ள வேண்டியதில்லை.

இந்த வழி பொருந்துவது எப்போது? அடிமட்டத்தில் செயின் நல்லது என்று வந்து, ஒரே ஒரு மூட்டு மட்டும் கழன்றிருந்தால். அல்லது வீடு போய்ச் சேரவேண்டிய அவசரத்தில். சுமை இல்லாமல், இருந்து மிதித்து, மெல்லப் போங்கள்.

## வழி 2: இணைப்புக் கண்ணி போட்டுப் பூட்டுவது

இரண்டு பின் பொருத்திய ஒரு தகடு, தனியே ஒரு தகடு, அவற்றைப் பூட்டும் சின்னக் கிளிப். இதுதான் இணைப்புக் கண்ணி. புதுச் செயின் வாங்கும்போது பெட்டிக்குள் ஒன்று இருக்கும். தனியாகவும் விற்கிறார்கள். செலவு மிகச் சிறியது.

பழைய பின்னைத் திரும்ப ஏற்றுவதைவிட இதை நான் விரும்புவதற்கு முதல் காரணம், செயினின் நீளம் மாறாது. உடைந்தது வெளிக்கண்ணி என்றால் அதை மட்டும் கழற்றி, அந்த இடத்தில் இதைப் போட்டால் போதும். சில்லு நின்ற இடத்திலேயே நிற்கும், பிறேக்கைத் தொடவேண்டியதில்லை. உடைந்தது உள்கண்ணி என்றால் கொஞ்சம் கூடுதல் வேலை. இரு பக்கத்து வெளிக்கண்ணிகளையும் கழற்றி, இணைப்புக் கண்ணி ஒன்று, நல்ல உள்கண்ணி ஒன்று, மறுபடி இணைப்புக் கண்ணி ஒன்று என்று கோக்கவேண்டும். கையில் மிச்சக் கண்ணி இல்லாவிட்டால் ஒரு சோடி குறைத்து ஒரு இணைப்போடு முடித்துக்கொள்ளலாம்.

கிளிப் போடும் திசையில் பலர் தவறுகிறார்கள். கிளிப்பின் ஒரு முனை மூடியிருக்கும், மறு முனை இரண்டாகப் பிளந்து திறந்திருக்கும். செயின் ஓடுகிற திசையில் மூடிய முனை முன்னால் போகவேண்டும். அதாவது மேல்பக்கச் செயினில் நின்று பார்த்தால் மூடிய முனை ஹன்டில் பக்கம். மாறிப் போட்டால் பற்றையிலோ செயின் கவரிலோ தட்டுப்பட்டுக் கிளிப் திறந்துபோக இடமுண்டு. வயல் வரம்பில், நாயுருவியும் தொட்டாச்சிணுங்கியும் செயினில் சிக்குகிற பாதையில், இது சும்மா சொல்கிற எச்சரிக்கை இல்லை.

மறைசெலவு என்று பெரிதாக இல்லை; ஆனால் ஒரு மயக்கம் உண்டு. புது இணைப்புக் கண்ணி பளபளவென்று இருக்கும். அது செயினையே புதிதாக்கிவிட்டது போலத் தோன்றும். 3 மில்லிமீற்றர் நீண்ட செயினில் ஒரு கண்ணி மட்டும் புதிதாயிருந்து ஒன்றும் ஆகப்போவதில்லை. அடுத்த கிழமை வேறொரு கண்ணி விடும். ஏற்கெனவே இரண்டு இணைப்புக் கண்ணிகள் இருக்கும் பழைய செயினில் மூன்றாவதைப் போடக் கேட்டு வந்தால் நான் போட்டுக் கொடுப்பதில்லை.

செயின் 1/16 அங்குலத்துக்குள் நிற்கிறது, தகடுகளில் வெடிப்பில்லை என்றால் எனக்கு இதுவே முதல் தெரிவு. பள்ளிக்கூடப் பிள்ளைகளின் சைக்கிளில் நான் பெரும்பாலும் செய்வதும் இதைத்தான்.

## வழி 3: செயினை மட்டும் புதிதாகப் போடுவது

பலர் நேராகப் போய் நிற்கிற இடம் இது. சரியான நேரத்தில் செய்தால் மிகவும் ஆதாயமான வழியும் இதுதான்.

சரியான நேரம் என்பது செயின் 1/16 அங்குலத்துக்கும் 1/8 அங்குலத்துக்கும் இடையில் நீண்டு, பற்கள் இன்னும் வளையாமல் இருக்கும் காலம். அப்போது புதுச் செயின் போட்டால் பிறீவீலுக்கும் வாழ்வு கூடும். காலம் தப்பிப் போட்டால் தலைகீழாகிவிடும். பழைய செயினும் பழைய பல்லும் சேர்ந்தே தேய்ந்து ஒன்றோடொன்று பழகிப்போனவை. புதுச் செயினின் கண்ணிகள் அந்த வளைந்த பற்களில் உட்காராமல் மேலே ஏறித் தாண்டும். சுமையோடு ஏற்றம் மிதிக்கும்போது "டக்" என்று கால் நழுவும். "புதுச் செயின் சரியில்லை, கடைக்காரன் ஏமாத்திப்போட்டான்" என்று கோபத்தோடு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். செயினில் குற்றமில்லை. தாண்டிக்கொண்டே ஓடினால் புதுச் செயினும் கெட்டுவிடும். அந்தக் காசு வீணாவதுதான் இந்த வழியின் மறைசெலவு.

வாங்கும்போது அகலத்தைக் கவனியுங்கள். கியர் இல்லாத சைக்கிளுக்கு 1/8 அங்குல அகலச் செயின். கியர் சைக்கிளின் 3/32 அங்குலச் செயின் அகலமான பல்லில் இறங்காது. பழைய செயினில் இரண்டு மூன்று கண்ணிகளைக் கொண்டுபோய்க் காட்டுவது நல்லது.

நீளம் வெட்டும்போது பழைய செயினோடு சேர்த்துத் தொங்கவிட்டு அளக்கவேண்டாம். பழையது நீண்டது. அதோடு அளந்தால் புதியதில் ஒரு சோடி கூடிப்போகும். கண்ணிகளை எண்ணுங்கள். பழையதில் முன்பே யாராவது வெட்டியிருக்கலாம் என்று சந்தேகம் இருந்தால், சில்லை அதன் இடைவெளியின் முன்பக்கமாக வைத்து, செயினை இரு பல்லுச்சக்கரத்திலும் சுற்றிப் பிடித்துப் பார்த்து வெட்டுங்கள். அப்படிச் செய்தால் பின்னால் தளரும்போது இழுத்துக்கொள்ள இடம் மிஞ்சும்.

பூட்டியபின், மிதி பொருத்திய தண்டான கிறாங்கை மெல்லச் சுற்றிக்கொண்டு கீழ்ப்பக்கச் செயினின் நடுவைத் தொட்டுப் பாருங்கள். முன் பல்லுச்சக்கரம் முழு வட்டமாக இருப்பது அரிது, ஆகவே ஓரிடத்தில் இறுகும், ஓரிடத்தில் தளரும். மிக இறுகும் இடத்தில் மேலும் கீழுமாக அரை அங்குலம் ஆட இடம் இருக்கவேண்டும். அதைவிட இறுக்கினால் மிதி கனக்கும், பிறீவீலும் அச்சும் தேயும்.

புதுச் செயினை மண்ணெண்ணெயில் கழுவ வேண்டாம். அதன் மூட்டுக்குள் வைத்து அனுப்பிய கிறீஸ்தான் கிடைக்கக்கூடிய மிக நல்ல கிறீஸ். வெளிப்பக்கத்தை உலர்ந்த துணியால் துடைத்தால் போதும்.

## வழி 4: செயினோடு பிறீவீலும், வேண்டுமானால் முன் பல்லுச்சக்கரமும்

கைச்செலவு கூடியது இது. கடைக்காரர் இதைச் சொன்னதும் பணம் பறிக்கிறார் என்று நினைக்கவேண்டாம். அடிமட்டத்தில் 1/8 அங்குலத்தைத் தாண்டி, பிறீவீலின் பல் சுறாச் செட்டையாகியிருந்தால் அவர் சொல்வது சரி. பற்கள் நேராக இருக்கும்போது சொன்னால் ஏன் என்று கேளுங்கள், பல்லைக் காட்டச் சொல்லுங்கள்.

பிறீவீலை வீட்டில் கழற்ற முயல வேண்டாம் என்பது என் கருத்து. மிதிக்கும் ஒவ்வொரு தடவையும் அது இன்னும் இறுகுகிற மாதிரியே புரியிடப்பட்டிருக்கிறது. பல வருசம் மிதித்தது சும்மா கழன்று வராது. அதற்கென்று உள்ள சாவி இல்லாமல் உளியால் அடித்தால் சில்லின் நடுக்குடத்திலுள்ள புரி கெடும். பிறகு குடம், கம்பி, கூலி என்று செலவு மூன்று மடங்காகும். முன் பல்லுச்சக்கரம் வலது கிறாங்கோடு சேர்ந்தது. பழைய மாதிரிச் சைக்கிள்களில் கிறாங்கைப் பிடித்திருக்கும் ஆப்புப் பின்னைத் தட்டி எடுக்கவேண்டும். அதையும் பழகின கை செய்தால் நல்லது. முன் பற்கள் மெல்லத் தேய்வதால் அநேகமான தடவைகளில் பிறீவீலும் செயினும் மட்டும் போதும்.

நாள் தவறாமல் சுமையோடு ஓடுகிறவர்களுக்கு இதுதான் மலிவான வழி. புதுக்குடியிருப்பிலிருந்து கிராமம் கிராமமாக மரக்கறியோ மீனோ கொண்டுபோகிறவருக்கு, வருகிற ஆறு மாதத்தில் மூன்று தடவை அறுந்து மூன்று நாள் வியாபாரம் கெடுவதை எண்ணிப் பார்த்தால், ஒரேயடியாகப் போட்டுவிடுவது நட்டமில்லை. முல்லைத்தீவு, அளம்பில், கொக்கிளாய் என்று கடலோரம் ஓடுகிற சைக்கிள்களில் உப்புக்காற்று செயினையும் பிறீவீலின் உள்ளே இருக்கும் குண்டுகளையும் ஒன்றாகவே தின்கிறது. அங்கேயும் ஒன்றை மட்டும் மாற்றிப் பயன் குறைவு.

ஆனால் சட்டமே துருப்பிடித்து, கிறாங்கு ஆடி, றிம் வளைந்த சைக்கிளுக்கு இந்தச் செலவு வேண்டாம். அதற்கு இணைப்புக் கண்ணியோடு நிறுத்திக்கொண்டு, வேறு சைக்கிளுக்குக் காசு சேருங்கள். 2022 எரிபொருள் தட்டுப்பாட்டில் கொட்டிலில் கிடந்த சைக்கிள்களெல்லாம் வீதிக்கு வந்தன. உதிரிப்பாகங்களின் விலையும் அந்த வருசம் ஏறியது. அப்போது நல்ல சட்டம் உள்ள பழைய சைக்கிள்களில் செயினும் பிறீவீலும் மாற்றியவர்கள் இன்றைக்கும் ஓடுகிறார்கள். சட்டம் பழுதானவற்றில் மாற்றியவர்களின் புதுச் செயின் இப்போது பழைய இரும்பில் தொங்குகிறது.

## ஒரே பார்வையில்

| வழி | கைச்செலவு | பின்னால் வரும் செலவு | யாருக்குப் பொருந்தும் |
|---|---|---|---|
| பழைய பின்னைக் கொண்டே பூட்டுவது | இல்லை, அல்லது சிறு கூலி | மெலிந்த மூட்டு. சில்லும் பிறேக்கும் இடம் மாறுவது | வழியில் நிற்பவருக்கு. நல்ல செயினில் ஒரு மூட்டு மட்டும் விட்டவருக்கு |
| இணைப்புக் கண்ணி | மிகக் குறைவு | தேய்ந்த செயின் என்றால் வேறிடத்தில் அறும் | 1/16 அங்குலத்துக்குள் நிற்கும் செயின். பள்ளிப் பிள்ளைகள் |
| புதுச் செயின் மட்டும் | நடுத்தரம் | பல் வளைந்திருந்தால் தாண்டும், செயினும் வீணாகும் | 1/16 முதல் 1/8 அங்குலம் வரை நீண்டு, பல் நேராக உள்ளவை |
| செயினும் பிறீவீலும் | கூட | கழற்றத் தெரியாத கையில் குடத்தின் புரி கெடும் | தினமும் சுமை ஏற்றுபவர், கடலோரம், நல்ல சட்டம் உள்ள சைக்கிள் |

## கியர் சைக்கிள் வைத்திருக்கும் தம்பிமாருக்கு

மேலே சொன்ன வழி 1 உங்களுக்கு இல்லை. கியர்ச் செயின் மெல்லியது, பின்னின் முனைகள் தகட்டுக்கு வெளியே அநேகமாகத் தெரியாது. ஒருமுறை தட்டி எடுத்த பின்னைத் திரும்ப ஏற்றினால் பிடி மிகக் குறைவு. கியர் மாறும்போது செயின் பக்கவாட்டில் வளைவதால் அந்த மூட்டு சீக்கிரம் விட்டுவிடும். கிளிப் வைத்த இணைப்புக் கண்ணியும் பின் கியரில் தட்டுப்படும். உங்கள் செயினின் அகலத்துக்கு ஏற்ற, கிளிப் இல்லாமல் கையால் கோத்து இழுத்துப் பூட்டுகிற இணைப்புக் கண்ணி இருக்கிறது. பின்னால் எத்தனை பல்லுச்சக்கரம் என்று எண்ணிச் சொல்லி அதைக் கேளுங்கள். ஊரில் உடனே கிடைக்காமல் கிளிநொச்சிக்கோ வவுனியாவுக்கோ போகவேண்டி வரலாம். அதனால் அறுவதற்கு முன்பே ஒன்று வாங்கி வைத்திருப்பது நல்லது. நீட்சியிலும் உங்களுக்கு இளக்கம் குறைவு. 1/16 அங்குலத்தில் மாற்றிவிடுங்கள்.

## இருக்கைக்குக் கீழே இருக்கவேண்டியது

எந்த வழியைத் தெரிவுசெய்தாலும் செயினுக்கு ஒயில் விடுகிற முறையில்தான் அடுத்த அறுப்பு எவ்வளவு தள்ளிப்போகும் என்பது இருக்கிறது. ரக்ரரிலிருந்து வடித்த கழிவு ஒயிலை ஊற்றாதீர்கள். அதில் ஏற்கெனவே இரும்புத் தூள் இருக்கிறது, மிச்சப் புழுதியையும் அதுவே பிடித்து வைத்துக்கொள்ளும். தேங்காயெண்ணெயும் வேண்டாம். தையல் மெசின் எண்ணெயை உருளைக்கு ஒரு துளி விட்டு, கிறாங்கைச் சுற்றி, வெளியே வழிந்ததை முழுக்கத் துடைத்துவிடுங்கள். மாரியில் வெள்ளம் குறுக்கறுத்த வீதியைக் கடந்து வந்தால் அன்றைக்கே துடைத்து எண்ணெய் விடவேண்டும். மறுநாள் என்றால் துரு முந்திவிடும்.

புதுச் செயினை அளவுக்கு வெட்டும்போது மிஞ்சுகிற கண்ணிகளைக் கடையிலேயே விட்டுவிட்டு வராதீர்கள். உங்கள் செயினின் அதே அகலம், அதே செய்கை. ஒரு துண்டுத் துணியில் சுற்றி, இரண்டு இணைப்புக் கண்ணிகளோடும் ஒரு சின்னக் குறட்டோடும் சேர்த்து இருக்கைக்குக் கீழே கட்டிவிடுங்கள். ரியூசனுக்குப் போகிற பிள்ளையின் சைக்கிளில் முதலில் கட்டுங்கள். ஒரு சனிக்கிழமை முற்றத்தில் வைத்து அந்தக் கண்ணியைக் கழற்றவும் பூட்டவும் பிள்ளைக்கே சொல்லிக் கொடுங்கள். தங்கச்சிக்கு நான் அதைச் சொல்லிக் கொடுத்தது அந்தப் பரீட்சைக் காலைக்குப் பிறகுதான்.